சுட்டது யார்? கெடுத்தது யார்?

ஒரு பிணம். ஒரு துப்பாக்கி. ஐந்து பேர். ஐவரும் பேசுகிறார்கள், ஐவர் பேச்சும் ஐந்து விதம்! சுட்டது யார்? இந்த ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டு இல்லாமல், ஒரு நடனம் இல்லாமல், ஒரு கத்திச் சண்டை இல்லாமல், இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்மைக் கட்டிப்போடுகிற தமிழ்ப் படம் ஒன்று உண்டு, தோழர்களே! படத்தின் பெயர் 'அந்த நாள்'. வெளிவந்தது 1954 ஏப்ரல் 13.

அன்று நம் புதுவையிலே பறந்தது பிரெஞ்சுக் கொடி. அதே ஆண்டு அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைவோம் என்று வாக்களித்து, நவம்பர் 1இல் ஆட்சி கை மாறிற்று. அதற்கும் முந்திய படம் இது! 70 ஆண்டுகளைத் தாண்டிவிட்ட இந்தப் படத்தை இன்று எடுத்துப் பேசுவானேன் என்று கேட்கலாம். பேச வேண்டிய காரணம் இருக்கிறது. சென்ற மாதம் எங்கள் படிப்பகத்துச் சுவரிலே வெள்ளை வேட்டியைக் கட்டி இந்தப் படத்தைப் போட்டோம். ஆலையில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களும் இருந்தார்கள். வேலை தேடி அலுத்த இளைஞர்களும் இருந்தார்கள். இடையிலே எழுந்து போனவர் ஒருவரும் இல்லை. படம் முடிந்த பிறகு எழுந்த வாதம் நள்ளிரவு வரை ஓயவில்லை. அந்த வாதத்தின் சாரத்தைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் படத்தை எடுத்தவரைப் பற்றி ஒரு சொல். எஸ். பாலச்சந்தர்! வீணை என்றதும் நினைவுக்கு வருகிற அதே வீணை பாலச்சந்தர்தான். நரம்பைத் தொட்டால் நாடே தலையசைக்கும் என்ற பெயர் பெற்றவர், ஒரு பாட்டும் இல்லாத படத்தை எடுத்தார்! வெல்லக் கடைக்காரர் இனிப்பில்லாத விருந்து வைத்தது போல! ஜப்பான் நாட்டுக் குரோசாவா 1950இல் எடுத்த 'ராஷோமோன்' படத்தைப் பார்த்தார் பாலச்சந்தர். ஒரே கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் கதை அது. அதில் மனம் பறிகொடுத்து, அந்த முறையில் ஒரு நாடகம் எழுதி, அனைத்திந்திய வானொலிக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே, பின்னால் தேவைப்படும். வானொலி தள்ளிய அந்த நாடகத்தை ஏவி. எம். மெய்யப்பனிடம் சொன்னார் பாலச்சந்தர். அவர் ஏற்றுக்கொண்டார். படமாயிற்று.

பாட்டில்லாப் படம் என்பது அன்று எவ்வளவு பெரிய துணிச்சல் தெரியுமா? 1934இல் தியாகராச பாகவதர் நடித்து வந்த 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ 50 பாடல்கள்! பிறந்தாலும் பாட்டு, இறந்தாலும் பாட்டு, கதவைத் திறந்தால் பாட்டு, கண்ணீர் விட்டால் பாட்டு என்று இருந்த காலம் அது. அப்படிப் பழக்கிவிட்டு, ஒரு நாள் திடுமெனப் பாட்டே இல்லை என்றால்? கொட்டகையிலே கூச்சல் எழுந்தது. காசைத் திருப்பிக் கொடு என்று கேட்டவர்களும் உண்டு. உடனே மேதாவிகள் தீர்ப்பு எழுதினர்: பாமரனுக்குப் புரியாது! தரை டிக்கட்டுக்காரனுக்கு ரசனை கிடையாது!

அந்தத் தீர்ப்பு நியாயமானதா? அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1954ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில், தமிழில் முதலிடம் 'மலைக்கள்ள'னுக்கு. கலைஞர் உரையாடல் எழுதி, எம்.ஜி.ஆர். நடித்த படம். இரண்டாவது சிறந்த படத்துக்கான நற்சான்று 'அந்த நாளு'க்கு. விருதுக்குப் பிறகு மீண்டும் திரையிட்டார்கள். முன்பு முகம் சுளித்த அதே மக்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பாராட்டினார்கள். மக்கள் அதே மக்கள்தான். படமும் அதே படந்தான். புதியதைச் சுவைக்கக் கொஞ்சம் காலம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சமைத்துப் போடுகிறவன் நாள்தோறும் ஒரே குழம்பை ஊற்றிவிட்டு, உண்பவனுக்கு நாக்கு இல்லை என்று ஏசலாமா? எங்கள் படிப்பகத்தில் கண் கொட்டாமல் பார்த்தவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். பஞ்சாலையிலே நூல் இழுத்தவர்கள்!

சரி, கதைக்கு வருவோம். 1943 அக்டோபர் 11. இரண்டாம் உலகப் போர். இரவு நேரத்தில் ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசுகிறது. இது கதைக்காகக் கட்டிய கற்பனை அன்று, உண்மையாகவே வீசினார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியிலே சென்னை மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடியதும் உண்மை. அந்தக் குண்டு வீச்சு இரவை அடுத்து, ராஜன் என்ற வானொலிப் பொறியாளன் தன் வீட்டிலே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். ராஜனாக நடிப்பவர் சிவாஜி கணேசன். கதாநாயகன் படம் தொடங்கும்போதே பிணம்!

துப்பறிய வருகிறார் சி.ஐ.டி. சிவானந்தம். திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே அந்த வேடத்தையும் தாங்குகிறார். அவர் அடிக்கவில்லை, அதட்டவில்லை, கேட்கிறார். கேட்டதை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கிறார். அண்டை வீட்டுச் சின்னையா பிள்ளையின் விரல், ராஜனின் தம்பி பட்டாபியைச் சுட்டுகிறது. தம்பியின் விரல் தன் சொந்த மனைவி ஹேமாவைச் சுட்டுகிறது. ஹேமாவின் விரல் அம்புஜம் என்ற நடனக்காரியைச் சுட்டுகிறது. அம்புஜத்தின் விரலோ திரும்பி வந்து சின்னையா பிள்ளையையே சுட்டுகிறது! வட்டம் முடிந்துவிட்டது. எல்லாரும் குற்றவாளி; எல்லாரும் சாட்சி! ஒவ்வொருவர் வாய்மொழியிலும் ராஜன் ஒவ்வொரு ஆளாக எழுந்து வருகிறான். இருளும் ஒளியும் கலந்த அந்தப் படப்பிடிப்பில், ஒரு முகத்தின் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. மனிதன் அப்படித்தானே இருக்கிறான்!

இதிலே கழகத் தோழன் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. ஒருவன் சொல்வதைக் கேட்டதும், "ஆம், அவன்தான் கள்வன்!" என்று கூவிவிடாதே. சொல்கிறவனுக்கு அதனால் என்ன இலாபம் என்று கேள். அவன் எதை மறைக்கிறான் என்று பார். இன்று கைப்பேசியிலே ஒரு செய்தி வந்தவுடன் ஊரையே கொளுத்தக் கிளம்புகிறார்களே, அவர்கள் சிவானந்தத்திடம் பத்து நிமிடம் பாடம் கேட்க வேண்டும்!

முடிவைச் சொல்லிவிடலாமா? 70 ஆண்டு ஆன இரகசியம், சொன்னால் பாவமில்லை. சுட்டது மனைவி உஷா. பண்டரிபாய் அந்த வேடத்தில் வாழ்ந்திருக்கிறார். ஏன் அந்தத் துப்பாக்கி வெடித்தது? ராஜன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன். இரகசிய வானொலி வழியாக ஜப்பானுக்குச் சேதி அனுப்பியவன். சென்னை மீது விழுந்த குண்டுக்கு வழி சொன்னவர்களில் ஒருவன். கட்டிய கணவன் ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம். உஷா மக்கள் பக்கம் நின்றாள்.

"ஐயையோ! மனைவி கணவனைச் சுடுவதா? தமிழ்ப் பண்பாடு என்னாவது?" என்று அலறுவோர் இன்றும் உண்டு. 1954இல் கேட்க வேண்டுமா! அடுத்த ஆண்டே, 1955இல், 'கணவனே கண் கண்ட தெய்வம்' என்று பெயரிட்டே ஒரு படம் வந்தது, வெற்றியும் கண்டது. அந்தக் காலத்தில், கணவன் தெய்வமல்ல, தவறு செய்தால் அவனும் குற்றவாளிதான் என்று ஒரு பெண்ணைக் கொண்டு சொல்ல வைத்தார்களே, அது எத்தகைய துணிவு! அடுப்பங்கரையைத் தாண்டி நாட்டு நிலை அறிந்த பெண், படித்த பெண், தனக்கென ஒரு கருத்து உள்ள பெண். கணவனை இழந்து கதறுகிறவளும் அவளே, கடமையைச் செய்தவளும் அவளே. அந்தக் கண்ணீரைப் பார்த்தவர்கள் அவளைக் கொலைகாரி என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

சுட்டது யார் என்று படம் சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் படிப்பகத்து வாதம் அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது. ராஜனைக் கெடுத்தது யார்?

ராஜன் பிறவித் துரோகி அல்லன். அறிவாளி. ஏழை வீட்டிலும் வானொலி பாட வேண்டும் என்று, மலிவான விலையில் வானொலிப் பெட்டி செய்யத் திட்டம் கண்டவன். அதை எடுத்துக்கொண்டு அரசினரிடம் போனான். மறுத்தார்கள். அன்று அந்தச் சாதனம் எவ்வளவு பெரியது! பணக்காரர் வீட்டுக் கூடத்திலே வீற்றிருந்த பெட்டி அது. அதைக் குடிசைக்குக் கொண்டுவர நினைத்த மூளையை, ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த ஆள் ஒரு கையெழுத்திலே கொன்றுவிட்டான். ஒரு மறுப்புக் கடிதம்! அந்தக் கடிதத்திலே தொடங்கிய கசப்பு, பகைவன் காலடியிலே போய் முடிந்தது.

படத்திலே ஐந்து பேரைச் சிவானந்தம் விசாரிக்கிறார். ஆறாவது ஆள் ஒருவன் இருக்கிறான், தோழர்களே! அவனை யாரும் விசாரிக்கவில்லை. விண்ணப்பத்தைத் தள்ளிய அந்த அலுவலகக்காரன்! அவன் பெயர் படத்தில் இல்லை. அவனுக்குச் சம்மன் இல்லை. அவனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. படத்திலே எனக்குப் பட்ட குறை இதுதான். சுட்டவளைத் தேடிக் கண்டுபிடித்த அந்தக் கூர்மையான கண், கெடுத்தவனைத் தேடவில்லை. துரோகியின் கதையைச் சொன்னவர்கள், துரோகி உருவான தொழிற்சாலையின் கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டார்கள்.

அப்படியானால் ராஜன் செய்தது சரி என்கிறாயா என்று ஒரு தோழர் அன்று என்னை மடக்கினார். இல்லை! அவன் குறை நியாயம். அவன் வழி அநியாயம். மறுத்தவன் மேலே அவனுக்குக் கோபம். ஆனால் குண்டு யார் மேலே விழும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1942 ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்தில் ஜப்பானியக் குண்டு விழுந்ததே, எங்கே விழுந்தது? துறைமுகத்தின் மேலே! துறைமுகத்தில் யார் இருப்பார்? கோட்டு அணிந்த துரையா? மூட்டை சுமக்கும் கூலித் தொழிலாளியா? விண்ணப்பத்தைத் தள்ளியவனுக்குப் பதுங்கு குழி உண்டு. பாரம் சுமந்தவனுக்கு ஓலைக் கூரைதான் உண்டு. யாருடைய குடிசைக்கு வானொலி தர நினைத்தானோ, அவன் குடிசைக்கே குண்டைக் கொண்டுவந்து சேர்த்தான் ராஜன். தனிமனிதன் கோபம் கண்ணிழந்து போனால் அது எப்போதும் ஏழையின் தலையிலேதான் இறங்கும்.

இங்கே இன்னொரு படத்தை நினைத்துப் பாருங்கள். 'பராசக்தி'! 1952 அக்டோபர் 17. அதே சிவாஜி கணேசன், அதே பண்டரிபாய். அங்கே குணசேகரனுக்கு ராஜனைவிடப் பெரிய குறை. சொத்து போயிற்று, சோறு போயிற்று, தங்கையின் வாழ்வு போயிற்று. அவன் என்ன செய்தான்? நீதிமன்றத்திலே, நாலு பேர் நடுவிலே, நெஞ்சு நிமிர்த்தி நாட்டைக் கேள்வி கேட்டான். நாடே கேட்டது! குணசேகரன் கூண்டிலே நின்று உரக்கப் பேசியவன்; ராஜன் இருட்டறையிலே இரகசியக் கருவியிடம் முணுமுணுத்தவன். ஒருவன் மக்களிடம் முறையிட்டான். மற்றவன் மக்களை விற்றான். நடிகர் ஒருவரே, வழிகள் இரண்டு!

இப்போது, நினைவில் வைக்கச் சொன்னேனே, அதை எடுங்கள். ராஜனைப் போலவே பாலச்சந்தரும் தள்ளப்பட்டவர்தான். அவர் கொடுத்த நாடகத்தை வானொலி மறுத்தது. அவர் குமைந்து கிடக்கவில்லை. அந்தக் கதையையே மக்கள் முன் வைத்தார். முதலில் மக்களும் மறுத்தார்கள், பிறகு ஏற்றார்கள். தள்ளப்பட்டவனுக்கு எந்தக் கதவு கடைசி வரை திறந்திருக்கும் என்பதைப் படம் எடுத்தவரின் வாழ்வே காட்டுகிறது.

சினிமாவை விடுங்கள், நம் ஊரைப் பாருங்கள். 1936. சவானா ஆலை, ரோடியர் ஆலை, கெப்ளே ஆலை. விடியுமுன் உள்ளே போய், இருட்டிய பிறகு வெளியே வந்த தொழிலாளர்கள். பிள்ளையின் முகத்தைத் தூக்கத்திலேயே பார்த்த தகப்பன்மார்கள். அவர்களுக்குக் குறை இல்லையா? ராஜனுக்கு மறுத்தது ஒரு பெட்டியை. இவர்களுக்கு மறுத்தது மனித வாழ்வையே! அவர்கள் என்ன செய்தார்கள்? இருட்டிலே சதி செய்யவில்லை. பட்டப் பகலிலே, வ. சுப்பையா போன்றோர் வழிகாட்ட, சேர்ந்து நின்றார்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 30இல் பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கியைத் தூக்கிற்று. 12 தொழிலாளர்கள் சாய்ந்தார்கள். சுட்டது யார், சுடச் சொன்னது யார் என்று துப்பறிய ஒரு சிவானந்தம் தேவைப்படவில்லை, ஊரே அறியும்! அந்த இரத்தத்துக்குப் பிறகுதான், 1937இல், 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முதலில் அதைப் பெற்றவர்கள் நாங்கள் என்று புதுவைத் தொழிலாளி இன்றும் மார் தட்டுகிறான். ஆண்டுதோறும் ஜூலை 30இல் அந்தப் பன்னிருவருக்கு மாலை விழுகிறது. ராஜனுக்கு மாலை போட எவன் இருக்கிறான்?

தோழர்களே! இது பழங்கதை பேசிப் பொழுது போக்கும் கட்டுரை அன்று. அந்த ஆலைகளின் வாசல்கள் இன்று மூடிக் கிடக்கின்றன. அங்கே நூல் நூற்றவரின் பேரன் பட்டயம் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறான். எத்தனை விண்ணப்பம்! எத்தனை மறுப்பு! பதிலே வராத கடிதங்கள் எத்தனை! ஒவ்வொரு தெருவிலும் ஒரு ராஜன் உட்கார்ந்திருக்கிறான். வானொலி செய்யத் தெரிந்த கை, வேலையின்றி வெறுங்கையாக இருக்கிறது.

அவனைத் தேடி ஆள் வருகிறது. இப்போது வருவது ஜப்பான்காரன் அல்லன். உன் சாதிக்கு உரிமை வேண்டாமா என்று ஒருவன் வருகிறான். உன் மதத்துக்கு ஆபத்து என்று ஒருவன் வருகிறான். இந்தப் பொட்டலத்தை அந்தத் தெருவிலே கொடுத்துவிட்டு வா, பணம் தருகிறேன் என்று ஒருவன் வருகிறான். நாட்டு வெடிகுண்டு வீச்சு என்று நம் ஊர்ச் செய்தியை அவ்வப்போது படிக்கிறோமே, அந்தக் குண்டு எந்த மாளிகை மேலாவது விழுந்ததுண்டா? அதுவும் சந்திலேதான் வெடிக்கிறது. அதுவும் ஏழை வீட்டுப் பிள்ளையின் காலைத்தான் பறிக்கிறது. வீசியவனைப் பிடித்துக் கூண்டிலே ஏற்றுகிறோம். ஏற்ற வேண்டியதுதான்! ஆனால் அவனைத் தள்ளிய மேசைக்காரன் இன்னும் மேசைக்குப் பின்னாலேயே இருக்கிறான். அவனைத் தூண்டியவன் மேடையிலேயே இருக்கிறான். ஆறாவது ஆள் இன்றும் தப்பிக்கொண்டுதான் இருக்கிறான்!

ஆகவே, படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தை உங்கள் பகுதியிலே போட்டுக் காட்டுங்கள். பாட்டு இல்லையே என்று தயங்காதீர்கள். நம் மக்களை நம்புங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்து இரண்டு கேள்வியையும் கேளுங்கள்: சுட்டது யார்? கெடுத்தது யார்? முதல் கேள்விக்கு எல்லாரும் விடை சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்கு, பின் வரிசையிலே பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞன் விடை சொல்வான். சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். அவனைக் கவனியுங்கள்.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போங்கள். அவன் விண்ணப்பத்தைக் கையில் வாங்குங்கள். எந்த அலுவலகம் தள்ளியதோ அந்த அலுவலக வாசலுக்கு அவனோடு பத்துப் பேராகச் செல்லுங்கள். ஏன் தள்ளினீர் என்று, பட்டப் பகலிலே, உரத்த குரலிலே, முறையோடு கேளுங்கள். ஆறாவது ஆளைக் கூண்டிலே ஏற்ற நமக்குத் துப்பாக்கி தேவையில்லை. துப்பறியும் அதிகாரியும் தேவையில்லை. தனியாக நிற்பவன் பக்கத்திலே போய் நிற்கிற ஒரு தோழன் போதும்.

ராஜனின் வாசலுக்கு ஜப்பான்காரன் முதலில் வந்தான். அதனால் ராஜன் கெட்டான். நம் தெருவிலே நாம் முந்திக்கொள்வோம்!